பறிக்கப்பட்ட துயில்

அரசர்களின் போர்களையும் அமைச்சர்களின் உடன்படிக்கைகளையும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பகலில் நிகழ்ந்தவை. மனித ஆயுளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உறக்கத்திற் கழிகின்றது. எனினும் இரவில் யார் உறங்கினார், யார் உறங்க விடப்படவில்லை என்பதை அந்நூல்கள் அதிகம் கேட்பதில்லை. உறக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஆண்டானும் உண்டு, அடிமையும் உண்டு, பறித்தவனும் உண்டு, பறிகொடுத்தவனும் உண்டு.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நடுத்தர வயதினர் 669 பேரின் மணிக்கட்டில் அசைவறியும் சிறு கருவியொன்றைக் கட்டி, அவர்கள் படுக்கையிற் கிடந்த நேரத்தையன்றி மெய்யாகவே கண்ணயர்ந்த நேரத்தை அளந்தனர். வெள்ளையினப் பெண்கள் சராசரியாக 6.7 மணி நேரமும், வெள்ளையின ஆண்கள் 6.1 மணி நேரமும் உறங்கினர். கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்தது 5.9 மணி நேரம். கறுப்பின ஆண்களுக்குக் கிடைத்தது 5.1 மணி நேரமே. வருமானம், வேலை, குடும்ப நிலை ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

ஒரே நகரத்து மக்கள். ஒரே வானத்தின் கீழ் வந்திறங்கும் ஒரே இரவு. அங்ஙனமிருக்க, ஒருவர்க்கு நிறைவாகவும் மற்றவர்க்குக் குறைவாகவும் துயில் வாய்ப்பது ஏன்? இரத்தத்தில் உள்ள இயல்பா, வரலாற்றில் நேர்ந்த வினையா? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஜெஃபர்சன் கண்டதும் காணாததும்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவரும் பின்னர் அந்நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவராய் அமர்ந்தவருமான தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியா மாநிலத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1785-இல் பாரிஸ் நகரில் அச்சேறிற்று. கறுப்பின மக்களுக்குக் குறைந்த உறக்கமே போதும் போலும் என்று அந்நூலில் அவர் எழுதுகின்றார். அதற்குச் சான்றும் தருகின்றார். பகல் முழுவதும் கடுமையாக உழைத்த பின்னரும், விடியற்காலையில் மீண்டும் வேலைக்குச் செல்லவேண்டும் என்று தெரிந்திருந்தும், சிறிதளவு கேளிக்கை கிடைத்தாற் போதும், அவர்கள் நள்ளிரவு கடந்தும் விழித்திருக்கின்றனர் என்பதே அவர் கண்ட சான்று.

வியப்பு என்னவெனில், அதே பகுதியில் இன்னும் சில வரிகள் தள்ளி, வேலையும் கேளிக்கையும் இல்லாதபோது அம்மக்கள் எளிதில் உறங்கிவிடுகின்றனர் என்று அவரே எழுதுகின்றார். அது அவர்களுடைய சிந்தனைக் குறைவின் அடையாளமாம்! விழித்திருந்தால் உறக்கம் தேவைப்படாத இனம். உறங்கினால் அறிவு குறைந்த இனம். இரண்டில் எது நேர்ந்தாலும் பழி அடிமைக்கே. தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒருவர், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் அமர்ந்தவுடன் கண்ணயர்வான் என்னும் எளிய உண்மையைக் காணாமற் போனார்.

அவர் காணாதது இன்னொன்றும் உண்டு. அடிமையின் பகல் அவனுடையதன்று. மனைவியோடு பேசவும், மக்களை மடியிலிருத்தவும், கிழிந்த துணியைத் தைக்கவும், வேறொரு பண்ணையிலிருக்கும் துணைவியைக் காண நடக்கவும் அவனுக்கு இருந்தது இரவு ஒன்றே. உறவுகளைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அம்மக்கள் தம் துயிலையே விலையாகக் கொடுத்தனர். ஜெஃபர்சன் கண்ட நள்ளிரவு விழிப்பு அந்த விலைதான். ஜார்ஜ் ராவிக் என்னும் வரலாற்றாசிரியர் 1972-இல் வெளியிட்ட நூலுக்கு, 'அந்தி முதல் விடியல் வரை' என்னும் பொருள்படத் தலைப்பிட்டது இக்காரணம் பற்றியே. கறுப்பினச் சமுதாயம் உருவானது பகலின் வயல்களில் அன்று, இரவின் குடிசைகளில் என்பது அவர் துணிபு.

கப்பலின் அடித்தட்டில்

துயில் பறிப்பு ஆப்பிரிக்கக் கரையிலேயே தொடங்கிவிட்டது. அடிமை வாணிகத்தை எதிர்த்தோர் 1788-இல் 'புரூக்ஸ்' என்னும் கப்பலின் வரைபடத்தை இங்கிலாந்தில் அச்சிட்டுப் பரப்பினர். அதில் ஓர் ஆடவனுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளமும் 1 அடி 4 அங்குல அகலமுமே. புரண்டு படுக்கவும் இயலாத அவ்விடத்தில், விலங்கிடப்பட்ட நிலையில், வாரக்கணக்கில் மனிதர்கள் கிடத்தப்பட்டனர்.

அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒலாடா இக்வியானோ 1789-இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். சிறுவனாயிருந்தபோது தாமும் தம் சகோதரியும் கடத்தப்பட்ட செய்தியை அதில் அவர் விவரிக்கின்றார். இருவரும் பிரிக்கப்பட்டு, சில காலத்திற்குப் பின் தற்செயலாக ஓரிரவு மட்டும் ஒன்றுசேர்ந்தனர். அவர்களுக்கு உடையவன் என்று கருதப்பட்டவன் இருவருக்கும் நடுவே படுத்துக்கொண்டான். அவனுடைய மார்பின் குறுக்கே கை நீட்டி, சகோதரனும் சகோதரியும் இரவு முழுவதும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு கிடந்தனராம். அந்தச் சிறு நேரத்தில் தம் துன்பங்களை மறந்திருந்ததாக அவர் எழுதுகின்றார். பொழுது விடிந்ததும் மீண்டும் பிரிக்கப்பட்டனர். குடும்பத்தின் ஆதரவு என்று இன்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லின் முழுப் பொருளும் பற்றிக்கொண்ட அந்த இரு கைகளில் அடங்கியிருக்கின்றது.

விடியுமுன் எழும் கொம்போசை

சாலமன் நார்த்தப் சுதந்திரக் குடிமகனாய்ப் பிறந்தவர். 1841-இல் வாஷிங்டன் நகரிற் கடத்தப்பட்டு லூசியானாவின் பருத்தித் தோட்டங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாய் உழன்றார். மீண்டு வந்து 1853-இல் அவர் எழுதிய நூல் அடிமையின் இரவை மணிக்கணக்கோடு சொல்கின்றது. வயலிலிருந்து இருட்டிய பின் திரும்பவேண்டும்; பருத்தியை நிறுத்துக் காட்டவேண்டும்; கால்நடைக்குத் தீனியிட வேண்டும்; விறகு பிளக்க வேண்டும்; அதன் பின்னரே தன் குடிசையில் நெருப்பு மூட்டி, சோளத்தை அரைத்து, அவ்வேளைக்கும் மறுநாள் நண்பகலுக்கும் உணவு சமைக்கவேண்டும். அவருக்கு வாய்த்த படுக்கை ஓரடி அகலமுள்ள பலகை. தலையணை ஒரு கட்டை. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொம்பு ஊதப்படும். பொழுது புலர்ந்த பின்னும் குடிசையிற் காணப்படுபவனுக்குக் கசையடி தப்பாது. ஆகவே, கொம்பின் முதலோசையிலேயே விழித்தெழ வேண்டுமே என்னும் வேண்டுதலோடுதான் அடிமை கண் மூடுவான் என்கிறார் நார்த்தப்.

உறங்குவதற்கே அஞ்சும் நிலை இது. களைப்பினால் அல்ல, அச்சத்தினால் கலைந்த துயில்.

இக்களைப்பிற்கு மருத்துவப் பெயர் சூட்டியோரும் இருந்தனர். தென்மாநிலத்து மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் 1851-இல், கறுப்பின மக்களுக்கே உரிய நோயொன்றைத் தாம் கண்டறிந்ததாக எழுதினார். அந்நோய் கண்டவன் பாதி உறக்கத்தில் இருப்பவன்போல் மந்தமாயிருப்பான் என்பது அவர் சொன்ன குறி. அதற்கு அவர் கூறிய சிகிச்சையைக் கேளுங்கள்: வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, அவ்வெண்ணெய் தோலில் இறங்கும்படி அகன்ற தோல்வாரினால் அடித்து, பின்னர் வெயிலில் கடும் வேலைக்கு அனுப்புவதாம்! உறக்கமின்மையால் வாடியவனுக்கு உறக்கத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் மருந்தாக எழுதிக் கொடுத்தது அக்காலத்து மருத்துவம்.

பன்னிரண்டு மைல் நடந்த தாய்

அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு அமெரிக்காவின் பெரும் சொற்பொழிவாளராய் உயர்ந்தவர் ஃபிரெடரிக் டக்ளஸ் (1818–1895). மேரிலாந்து மாநிலத்தில் அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, பாட்டி பெட்சி பெய்லியின் குடிசையில் வளர்ந்தார். தாய் ஹேரியட் பெய்லி ஏறத்தாழ 12 மைல் தொலைவிலிருந்த வேறொரு பண்ணையில் வயல் வேலைக்கு விடப்பட்டிருந்தார்.

தம் நினைவில் தாயை நான்கைந்து முறைக்கு மேல் கண்டதில்லை என்று டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட நூலில் எழுதுகின்றார். கண்டதெல்லாம் இரவில்தான். பகல் முழுவதும் வயலில் உழைத்த அவ்வம்மையார், பொழுது சாய்ந்த பின் 12 மைல் நடந்து வந்து, மகனருகே படுத்து, அவனை உறங்கச் செய்வார். சூரிய உதயத்தில் வயலில் நிற்காவிட்டால் கசையடி. ஆகவே, மகன் விழிக்கும் முன்பே எழுந்து மீண்டும் 12 மைல் நடந்து போய்விடுவார். மகனுக்கு ஏறத்தாழ ஏழு வயதானபோது தாய் இறந்தார். நோயுற்றபோதும் அடக்கத்தின்போதும் அருகிலிருக்க மகனுக்கு அனுமதியில்லை.

1855-இல் வெளியிட்ட இரண்டாம் நூலில், தாயைக் கடைசியாகக் கண்ட இரவை டக்ளஸ் விரிவாகச் சொல்கின்றார். சமையற்காரி அவருக்கு அன்று முழுவதும் உணவு மறுத்திருந்தாள். எதிர்பாராமல் வந்து சேர்ந்த தாய் அவளைக் கடிந்து, மகனுக்கு இதய வடிவில் அமைந்த ஓர் இஞ்சிப் பணியாரத்தைக் கொடுத்து மடியில் இருத்திக்கொண்டார். தாம் வெறும் பிள்ளையல்ல, ஒருவருடைய பிள்ளை என்பதை அன்றிரவுதான் உணர்ந்ததாக அவர் குறிப்பிடுகின்றார். அம்மடியிலேயே உறங்கிப்போனார். விழித்தபோது தாய் இல்லை.

அதே சிறுவன் குளிர்காலத்தில் படுக்கையின்றி, சோளம் சுமக்கும் கோணிப்பையொன்றை மறைவாக எடுத்து, தலையை உள்ளேவிட்டுக் காலை வெளியே நீட்டி, ஈரத்தரையில் உறங்கினான். பனியால் வெடித்த பாதங்களின் பிளவில், தாம் எழுதும் பேனாவையே வைக்கலாம் என்கிறார் டக்ளஸ். ஆயினும், அடிமைகள் படுக்கை இல்லாமையைப் பெருங்குறையாக எண்ணவில்லை. உறங்க நேரமில்லாமையையே குறையாக எண்ணினர் என்று அவர் எழுதுவது நம் சிந்தனைக்குரியது. முதியோரும் இளையோரும், மணமானவரும் ஆகாதவரும் ஒரே தரையில் வரிசையாய் விழுந்து, கொம்போசை கேட்கும்வரை உறங்குவர்.

தபாரக் எழுதிய கை

அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டோரில் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். அவர்களுள் எழுத்தறிவும் மார்க்கக் கல்வியும் நிறைந்தோரும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ பகுதியில் 1770-ஆம் ஆண்டளவில் பிறந்த உமர் இப்னு ஸயீத் அத்தகையவர். இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி பயின்றவர். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் அவர்தம் உடன்பிறந்தாரான ஷைகு முஹம்மது ஸயீத். 1807-இல் பெரும்படையொன்றின் தாக்குதலிற் சிறைப்பட்டு, கடல் கடந்து சார்ல்ஸ்டன் நகரில் விற்கப்பட்டார். கொடிய எசமானனிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, வட கரோலினாவின் சிறையொன்றில் அடைக்கப்பட்டபோது, சுவரிலே அரபு மொழியில் எழுதினார். அதன் பின் ஓவன் என்னும் குடும்பத்தாரின் உடைமையானார்.

1831-இல் அவர் அரபியில் தம் வரலாற்றை எழுதினார். பதினைந்து பக்கங்கள் கொண்ட சிறு கையெழுத்துப்படி அது. 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் உடைமையாயிற்று. தம் கதையைத் தொடங்குமுன் அவர் நினைவிலிருந்து எழுதியது சூரா அல்-முல்க். நம் இல்லங்களில் 'தபாரக் சூரா' என்று வழங்கி, படுக்கைக்குச் செல்லுமுன் ஓதிவரும் அதே அத்தியாயம். இவ்வத்தியாயத்தையும் சூரா அஸ்-ஸஜ்தாவையும் ஓதாமல் நபி (ஸல்) அவர்கள் உறங்குவதில்லை என இமாம் திர்மிதி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

'முல்க்' என்பதன் பொருள் ஆட்சி, உடைமை. மனிதனை மனிதன் உடைமையாக்கிய நாட்டில் இருந்துகொண்டு, உடைமை யாவும் யாருக்குரியது என்று சொல்லித் தொடங்கினார் அவர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அக்கருத்தோடு இதையும் சேர்த்து எண்ணலாம்: பெற்றோரும் உடன்பிறந்தாரும் இல்லாத இரவுகளில், தாயகத்து வீட்டிலிருந்து அவர் கொண்டுவர முடிந்தது நெஞ்சிற் பதிந்திருந்த ஓதல் ஒன்றே. தம் மொழியையும் அரபியையும் பெரிதும் மறந்துவிட்டதாக வருந்தி எழுதும் அம்முதியவர், இவ்வத்தியாயத்தை மறக்கவில்லை. அவர் கிறிஸ்தவராகப் பதியப்பட்டார். உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். தாயகம் திரும்பாமலே அந்நாட்டில் மறைந்தார்.

பிறர் துயில விழித்திருந்தோர்

1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. இரவு மட்டும் முழுமையாகத் திரும்பி வரவில்லை. ஜார்ஜ் புல்மன் என்பார் 1867-இல் நிறுவிய கம்பெனி, இரயில்களில் ஆடம்பரமான துயிற்பெட்டிகளை ஓட்டியது. அவற்றில் பயணிகளின் படுக்கையை விரிக்கவும், இரவில் அவர்தம் சப்பாத்துகளுக்கு மெருகிடவும், மணியடித்தவுடன் ஓடிவரவும் போர்ட்டர்களாக அமர்த்தப்பட்டவர்கள் கறுப்பின ஆண்கள். தொடக்க காலத்தில் அவர்களிற் பலர் முன்னாள் அடிமைகள். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் அழைக்கவில்லை. எல்லோரும் 'ஜார்ஜ்', எசமானின் பெயரே அடிமைக்கும் பெயர் என்னும் பழைய வழக்கம்.

மாதத்திற்கு 400 மணி நேரம், அல்லது 11,000 மைல் பயணம் என்பது அவர்களுக்கு விதித்த வேலை. துயிற்பெட்டியில் பணிபுரிந்த அம்மனிதர்களுக்குத் துயில இடமில்லை. புகைபிடிக்கும் அறையின் நீளிருக்கையில் மூன்று மணி நேரம் கண்ணயர வாய்த்தால் அதுவே பெரிது. வெள்ளையரின் நிறைந்த துயில் கறுப்பரின் விழிப்பினால் நெய்யப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1925 ஆகஸ்டு 25-ஆம் நாள் ஹார்லமில் அவர்கள் தொழிற்சங்கம் தொடங்கினர். தலைவர் ஆசா ஃபிலிப் ராண்டால்ஃப். சங்கத்தில் சேர்ந்தவர்களைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கிற்று. இந்நிலையில் சங்கத்தைத் தாங்கியவர்கள் அவர்களுடைய மனைவியர். விருந்துகளும் நிகழ்ச்சிகளும் நடத்தி நிதி திரட்டினர். கணவர் ஊர் ஊராய் இரயிலில் ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். வாஷிங்டனில் ரோசினா டக்கர் என்னும் அம்மையார் மறைவாகச் சந்தா தண்டினார். சங்க ஏடுகளைக் கொண்டு சேர்த்தார். அதை அறிந்த கம்பெனி அவருடைய கணவரை வேலையிலிருந்து நீக்கியது. அம்மையார் நேரே மேலாளரின் அறைக்குச் சென்று, மேசையைத் தட்டி, தம் செயலுக்குத் தம் கணவரைத் தண்டிக்க எவருக்கும் உரிமையில்லை என்று வாதிட்டார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 1881-இல் பிறந்த அவர் 1987-வரை வாழ்ந்தார்.

சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1937 ஆகஸ்டு 25-ஆம் நாள் கம்பெனி ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டது. ஊதியம் உயர்ந்தது, மாத வேலை 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது. அவ்வொப்பந்தம் மீட்டுத் தந்த மணிகளில் பல, இரவின் மணிகள்.

இரத்தத்தில் இல்லை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு மீண்டும் வருவோம். 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தொழிற்புரட்சியின் கை படாத மூன்று சமுதாயங்களின் துயிலை அளந்தது: தான்சானியாவின் ஹட்சா மக்கள், நமீபியாவின் சான் மக்கள், தென்னமெரிக்காவில் பொலிவியாவின் சிமானே மக்கள். ஒருவரையொருவர் அறியாத, இரு கண்டங்களில் வாழும் இம்மூன்று கூட்டத்தாரின் துயிலும் 5.7 மணி முதல் 7.1 மணி வரை என்னும் அளவுக்குள்ளேயே பெரிதும் ஒத்திருந்தது. துயிலின்மை என்னும் நோய் அவர்களிடம் மிக அரிது. அதைக் குறிக்கத் தனிச்சொல்லே சான் மக்களிடமும் சிமானே மக்களிடமும் இல்லை. ஆப்பிரிக்கரின் இயல்பு வேறு, பிறரின் இயல்பு வேறு என்னும் பழைய கதைக்கு இங்கே இடமில்லை. சிகாகோவில் காணும் குறை, அந்நகரமும் அந்நாடும் செய்து வைத்த குறை. இரவு வேலை, இரைச்சல் மிக்க தெரு, பாதுகாப்பற்ற குடியிருப்பு, நாளும் சுமக்கும் அவமதிப்பு ஆகியவை கண்ணை மூடவிடுவதில்லை.

குடும்பத்தின் ஆதரவு துயிலைக் காக்கும் என்பதையும் ஆய்வுகள் உறுதி செய்கின்றன. 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, குடும்பத்தாரின் ஆதரவு பெற்றோருக்குத் துயிற்கலக்கம் குறைவு என்றும், உறவில் உரசல் மிக்கோருக்கு அக்கலக்கம் அதிகம் என்றும் கண்டது. அடிக்கடி சந்திப்பதனாலேயே நன்மை விளைந்துவிடவில்லை. உறவு கசந்திருப்பின் சந்திப்பே சுமையாகின்றது.

ஆனால் இவ்வளவோடு நின்றுவிட்டால் பாதி உண்மையையே சொன்னவராவோம். ஆதரவு வானிலிருந்து பொழிவதன்று. யாரோ ஒருவர் தம் துயிலிலிருந்து எடுத்துத் தருவது. டக்ளஸ் உறங்கிய அவ்விரவுகளில் அவருடைய தாய் உறங்கவில்லை. 24 மைல் நடந்தார். நீதி செய்ய வேண்டிய சமுதாயம் செய்யாது விட்டதைத் தாயரும் பாட்டியரும் மனைவியரும் தம் உடலால் ஈடு செய்தனர். குடும்பங்கள் வலிமையானவை, ஆகவே அவர்கள் சமாளித்துக்கொள்வர் என்று கூறி ஒதுங்குவோர், அத்தாயின் நடையைப் புகழ்ந்துவிட்டு அவளை நடக்க வைத்த சட்டத்தை மறந்துவிடுகின்றனர்.

இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவரவர் உரிமை உண்டென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாமனைவரும் அறிவோம். கண்ணின் உரிமையும் இல்லத்தாரின் உரிமையும் அங்கே ஒருசேர எண்ணப்படுகின்றன. துயில் ஓர் 'ஹக்கு'; சலுகையன்று. வணக்கத்தின் பெயராலும் பறிக்கலாகாத அவ்வுரிமையை, இலாபத்தின் பெயரால் ஓர் இனத்தாரிடமிருந்து தலைமுறை தலைமுறையாய்ப் பறித்ததன் மிச்சமே 5.1 என்னும் அந்த எண்.

நேயர்களே! நம் இல்லங்களிலும் ஒரு கணக்குப் பார்க்கலாம். எல்லோரும் படுத்த பின் கடைசியாய் விளக்கணைப்பவர் யார்? எல்லோருக்கும் முன்னே எழுபவர் யார்? நோயுற்ற முதியவரின் கட்டிலருகே நாள்தோறும் விழித்திருப்பவர் ஒருவரே என்றால், அந்த இரவை மற்றவர்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம், இன்றிரவே தொடங்கலாம்.